நாலாங்கட்டை இறக்கம்

உறையைப் பிரித்தவர் ரிஸ்மினா மிஸ்.
உள்ளே ஒரு சீட்டு: ஆறு.
வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு
பதினாலு விழுந்ததாம்.
பேசிப் பேசிக் கூச்சம் தீர
ஆறு வாரம் போதுமா, பதினாலும் வேண்டுமா
என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது.
எனக்குத் தெரிய வேண்டியது வேறு:
ஹட்டனில் ஏறி
நாலாங்கட்டையில் இறங்குவது எப்படி.

மற்றவர்களுக்கு அது ஒரு சொல்.
இறக்கம்.
சிங்களத்திலும் ஒரு சொல்தான், பஹினவா.
இரண்டும் தெரிந்த நாக்கு
இரண்டுக்கும் நடுவில் கிடந்து உலரும்.
யாராவது சொல்வார்கள் என்று பார்த்திருப்பேன்.
ஸ்கூல் பிள்ளைகள், உரப்பைக்காரர்,
பாண் பையை மடியில் வைத்திருக்கும் அந்த அக்கா.
ஒருவரும் சொல்லாத நாளில்
நோர்வூட் வரை போய்த் திரும்பி நடப்பேன்.
வீட்டில் கேட்டால், பஸ் பழுது.
மூன்று வருடத்தில் அந்த றோட்டில்
எத்தனை பஸ்ஸைப் பழுதாக்கியிருக்கிறேன்!

அறை முன்பு பல் கிளினிக்காக இருந்தது.
பொலித்தீன் மூடிய பல் நாற்காலி
மூலையில் வாய் பிளந்து சாய்ந்திருக்கும்.
"இறக்கம் என்று சொன்னால் என்ன நடக்கும்?"
எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.
"பிறகு?"

பிறகு.
இருபத்தாறு வயதுக்குள்
அந்தப் பிறகு வரை நான் போனதே இல்லை.

நான் பேசுவதைப் போனில் பிடித்துக் காட்டினார்.
தக்காளி போல் சிவந்திருப்பேன், குரல் நடுங்கும்
என்று முன்னமே எழுதிக் கொடுத்திருந்தேன்.
படத்தில் யாரோ ஒருத்தி
தூக்கம் வந்தவள் போல் பேசிக்கொண்டிருந்தாள்.

கருவாட்டுக் கடையில் விலை கேட்டுவிட்டு
வாங்காமல் வர வேண்டும், அது வீட்டுப்பாடம்.
கேட்டேன்.
வாங்காமல் வர முடியவில்லை.
அரைக் கிலோ நெத்தலி.
அதையும் குறித்துக்கொண்டார், ஆராய்ச்சிக்கு.

நாலாவது வாரம் மண் சரிந்து றோட்டு மூடிக் கிடந்தது.
சிக்னல் தேடித் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று
போனில் பேசினேன்.
கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.
எனக்கு மனிதர்களைப் பார்த்தால் பயம் என்று
லயம் முழுக்கக் கேட்டது.
கேட்டவர்கள் ஒருவரும்
ஒன்றும் கேட்கவில்லை.
கோமளாதேவி மட்டும் மறுநாள்
குடத்தைக் குழாயடியில் எனக்காக நகர்த்தி வைத்தாள்.
அதற்கு என்ன அர்த்தம் என்று
இரண்டு இரவு யோசித்தேன்.

கடைசிக்கு முந்திய வாரம்
ஆறு போதுமா மிஸ் என்றேன்.
"எனக்கும் தெரியாது" என்றார்.
"தெரிந்திருந்தால் சீட்டுப் போட்டிருக்க மாட்டோமே."
டொக்டர்மார் யாரும் அதுவரை என்னிடம்
தெரியாது என்று சொன்னதில்லை.
பஸ்ஸில் வரும்போது அந்தச் சொல்லை
புளிமிட்டாய் போல் வாயில் வைத்திருந்தேன்.
அன்றும் நோர்வூட் வரை போனேன்.

ஆறாவது முடிந்த பின்னேரம், மழை.
கண்ணாடியெல்லாம் மூச்சுப் படிந்து
எந்த வளைவு என்று தெரியவில்லை.
தெரியாமலே சொன்னேன், பெரிதாக:
இறக்கம்!
பஸ் நின்றது.
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
பிறகு
கொண்டக்டர் கதவைத் தட்டினான்.
பிறகு
யாரோ என் சீட்டில் உட்கார்ந்தார்கள்.
பிறகு பஸ் போய்விட்டது.

நின்ற இடம் மூணாங்கட்டை.
இன்னும் ஒரு மைல்.
குடை இல்லை.
சொன்ன சொல் சூடு ஆறாமல் தொண்டையில் இருந்தது,
தேயிலைக்குள் இருந்து தவளைகள் அதையே
வேறு ஏதோ பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தன.

அடுத்த கிழமை படிவம் நிரப்பப் போனேன்.
'இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினீர்களா?'
ஆம், இல்லை, இரண்டு கட்டம்.
ஒரு மைல் முந்தி இறங்கியதைப் போட இடமில்லை.
ஓரத்தில் எழுதினேன்,
எழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.

வெளியே அதே வாங்கில்
பதினாலு விழுந்தவர்.
என்னைக் கண்டதும் கூரையைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்,
அங்கே ஒன்றும் இல்லை, ஒரு பல்லி.
இருவரும் பேசவில்லை.
அவருக்கு
இன்னும் எட்டு இருக்கிறது.